எல்லாருக்கும் என் நம்பர்தான்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். பெஞ்சு ஆடுது, அந்த முனையில உக்காந்தா கவுத்து விட்டுரும். ஆங், இப்படி. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? சொல்ல வேணாம், விடுங்க. பாத்தாலே தெரியுது. வெள்ளச் சட்ட, பையில பேனா, நெத்தியில துன்னூறு. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சொந்தத்துல எவனோ ஒருத்தன் கெட்டுச் சீரழிஞ்சு போயிருப்பான், பாவம்னு தொணைக்கு வந்திருக்கீங்க. நமக்கு ஆளப் பாத்தா போதும் சார். யாரு எப்படின்னு சொல்லிருவேன்.

நானும் உங்களை மாதிரிதான். எனக்கு ஒண்ணும் இல்ல. நம்ம பயலுக ஒருத்தன் விசயமா வந்தேன். இந்த ரூம் வாசல்ல உக்காந்திருந்தா போறவன் வர்றவன் எல்லாம் ஒரு மாதிரி பாக்குறாய்ங்க, அதான் மொதல்லயே சொல்லிர்றேன். நம்பிக்கை மையம்னு போர்டு போட்டு வச்சிருக்காங்க. பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா எய்ட்ஸுக்கு ரத்தம் பாக்குற ரூம்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்.

இப்பத்தான் மேல ரத்த வங்கியில ஒரு சண்டையப் போட்டுட்டு வர்றேன். எம் ரத்தம் வேணாமாம் சார். எம் ரத்தம். வருசா வருசம் நம்ம தலைவர் பொறந்தநாளுக்கு முகாம் போட்டு, மொத ஆளா படுத்து, கைய நீட்டுறவன் நான். சினிமாவுல தலைவரு எதிரிக்கே ரத்தம் குடுப்பாரு, நாம ஊருக்குக் குடுக்கக் கூடாதான்னு மன்றத்துப் பயலுகள வரிசையில நிறுத்துறவன் நான். பேப்பர்ல போட்டோ வரும். கூடலிங்கம், நகர ரசிகர் மன்றச் செயலாளர்னு கீழ போட்டிருக்கும். நீங்க பாத்திருப்பீங்க. பாக்கலையா? சரி.

அப்படி உள்ளவன் இன்னைக்கு நானா வந்து, ஒரு பயலுக்கு ஆபரேசன், ரத்தம் எடுத்துக்கங்கம்மான்னு சட்டைக் கையச் சுருட்டி விட்டு நிக்கிறேன். அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துச்சு. எம் மூஞ்சியப் பாத்துச்சு. சார், நீங்க குடுக்க வேணாம், கீழ நம்பிக்கை மையத்துல உங்களை வரச் சொல்லியிருக்காங்க, மொதல்ல அங்க போயிட்டு வாங்கங்குது. தெரியும்மா, அது எங்க பயலுக விசயம், அதப் பெறகு பேசிக்கிர்றேன், நீ ஊசியக் குத்துன்னு சொல்றேன். மாட்டேன்னுருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு மேசையில ஒரு தட்டு தட்டுனேன், அதுல இருந்த கண்ணாடி டம்ளரு எகிறிப் போயி விழுந்து ஒடஞ்சிருச்சு. வாச்மேனக் கூப்புட்டாக. நம்ம என்ன ரவுடியா சார்? வந்துட்டேன்.

விசயத்த மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்குத் தொழிலு சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுறது. சவுக்குக் கம்பு, பலகை, முட்டுக் குடுக்குற ஜாக்கி, தகரம். ஊருக்கு வெளிய பெரிய செட்டு போட்டிருக்கேன். அந்தச் செட்டுதான் மன்றமும். தலைவர் படம் ஆளு ஒசரத்துக்கு உள்ள நிக்கும். பயலுக பொழுது போனா அங்கிட்டுத்தான் வருவாய்ங்க. எல்லாம் எம் பேச்சத் தட்ட மாட்டாய்ங்க. உக்காருன்னா உக்காருவான், எந்திரின்னா எந்திரிப்பான்.

ரத்ததான முகாம்ல ஒரு தொந்தரவு இருந்துச்சு சார். பயலுக பாரத்துல அவனவன் போன் நம்பர எழுதிப்புடுறான். பெறகு ஆஸ்பத்திரியில அவசரம்னா நேரா அவனையே கூப்புடுறாக. அவன் போயி குடுத்துட்டு, நன்றின்னு ஒரு அட்டைய வாங்கி வாட்ஸப்புல போட்டுக்கிர்றான். மன்றத்துக்கு என்ன பேரு? ஒண்ணும் இல்ல. ஒருத்தன் அப்படிப் பேரு வாங்கிட்டு, போட்டி மன்றத்துல போயி தலைவராவே ஆயிட்டான். அதுக்குத்தான் இந்த வருசம் நான் மேசைகிட்டயே நின்னேன். எல்லாருக்கும் என் நம்பரையே போடுங்கன்னுட்டேன். யாருக்கு ரத்தம் வேணும்னாலும் என்கிட்ட கேக்கட்டும், நான் ஆள் அனுப்புறேன். நல்ல ஏற்பாடுதான, என்ன சொல்றீங்க?

முகாம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு போன். பொம்பளக் குரலு. போன மாசம் ரத்தம் குடுத்தீங்களே சார், நேர்ல ஒரு தடவ வர முடியுமான்னுச்சு. எத்தன பேரு வேணும்னேன். யாரும் வேணாம் சார், நீங்க மட்டும் நம்பிக்கை மையத்துக்கு வந்தா போதும்னுச்சு. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. நம்ம பயலுகள்ல எவனோ ஒருத்தன் மாட்டிக்கிட்டான். எவன்னு சொல்லும்மான்னேன். போன்ல சொல்லக் கூடாதாம். உங்க பேரச் சொல்லுங்க சார்னுச்சு. எம் பேரு எதுக்கு, செயலாளர்னு போட்டுக்க, அங்க இருக்கிற எல்லா நம்பரும் என் நம்பர்தான்னேன். பெறகும், நீங்க வாங்க சார், தனியா வாங்க, பயப்படாம வாங்கன்னு அதையே சொல்லுது.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லக் கூடாது. பொறுப்புல இருக்கிற ஆளுகிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லணும்னு நெனைக்குது. ஆனா எனக்குப் பொறுமை இல்ல சார். இவுக சொல்லி நான் தெரிஞ்சுக்கிறதா? எம் பயலுகளப் பத்தி எனக்குத் தெரியாதா?

செட்டுல உக்காந்து ஒவ்வொருத்தனா யோசிச்சேன். இந்த நோயி யாருக்கு வரும்? குடும்பம் குட்டின்னு இருக்கிறவனுக்கு வராது. அவுகளத் தள்ளு. படிச்சவனுக்கு வராது, அவன் பேப்பர் படிக்கிறவன், வெவரமா இருப்பான். அவுகளயும் தள்ளு. சொந்தத் தொழில் வச்சு கௌரவமா இருக்கிறவனத் தள்ளு. நம்ம தெருப் பயலுக, அவுக அப்பன் ஆத்தாள எனக்குத் தெரியும், வளப்பு அப்படி, அவுகளத் தள்ளு. மிச்சம் என்ன? கல்யாணம் ஆகாதவன், பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன், ஊரு ஊரா சுத்துறவன், தலமுடிய வளத்துக்கிட்டு காதுல கடுக்கன் போட்டுக்கிட்டுத் திரியிறவன்.

ஜெயசீலன்தான்.

காலனிப் பய. ஆடல் பாடல் குரூப்புல தலைவர் மாதிரி வேசம் கட்டி ஆடுவான். ஜூனியர் தலைவர்னு நோட்டீஸ்லயே போடுவாக. ஆட்டம்னா ஆட்டம் சார், அப்படி ஒரு ஆட்டம். தலைவருக்கே அந்தக் காலு வராது. முகாம் அன்னைக்கும் ரத்தம் குடுத்துட்டு, பஞ்சக் கையில அமுக்கிக்கிட்டே ஒரு பாட்டுக்கு ஆடுனான். நர்சுக எல்லாம் கைதட்டுச்சுக. ஆனா திருவிழா திருவிழாவா போறவன், கூட ஆடுற பொம்பளப் புள்ளைகளோட ஒரே வேன்ல போறவன், ஒரே ரூம்ல துணி மாத்துறவன். கேக்கணுமா?

நானும் ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல சார். கம்பு லோடு எடுக்க மலைக்கு மேல போவேன். ரெண்டு நாளு தங்குற மாதிரி இருக்கும். ஒரு வீடு இருக்கு. நீங்க நெனைக்கிற மாதிரி எடம் இல்ல, டீசண்டான வீடு. அந்தம்மா குளிச்சு, பூ வச்சு, விளக்கேத்தி, சாமி கும்புட்டுத்தான் மத்ததெல்லாம். காப்பி குடுக்கும், எம் பொண்டாட்டியப் பத்தி விசாரிக்கும். அது வேற கணக்கு. ஆளு மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும் சார், சுத்தமா, சுத்தம் இல்லையான்னு. இத்தன வருசத்துல எனக்கு ஒரு தடவ தப்புனதில்ல. எதுக்குச் சொல்றேன்னா, ஆளப் பாத்துக் கண்டுபிடிக்கிறது எனக்குக் கைவந்த கலை.

பயலுக எல்லாரையும் வரச் சொன்னேன். ஜெயசீலன் மட்டும் ஆட்டத்துக்குப் போயிருந்தான், மறுநாள்தான் வருவான். விசயத்தச் சொன்னதும் எல்லாப் பயலுக்கும் மூஞ்சி செத்துப் போச்சு. ஒருத்தன் ஒருத்தனப் பாக்குறான், பக்கத்துல நிக்கிறவன விட்டுத் தள்ளித் தள்ளி நிக்கிறான். ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சவய்ங்க சார். நான் விடல. தலைவர் படத்துக்கு முன்னாடி சூடத்தப் பொருத்தி வச்சேன். எவனா இருந்தாலும் சரி, எங்கப்பனா இருந்தாலும் சரி, மன்றத்துப் பேரக் கெடுத்தவன் கால ஒடிச்சு ஊர விட்டுத் தொரத்தணும், தப்ப விட்டா என்னையே அடிங்கடான்னு சொல்லி, மொத ஆளா நான்தான் சூடத்து மேல கையடிச்சேன். எல்லாப் பயலும் அடிச்சான். ஆளுக்கு ஒரு சவுக்குக் கம்ப எடுத்துக் குடுத்தேன். செட்டுல கம்புக்கா பஞ்சம்?

மறுநாள் மத்தியானம் அவன் வந்தான். சாப்புடாமக் கூட நேரா செட்டுக்குத்தான் வந்தான், கையில ஆடப் போன ஊர்க் கோயில் புளியோதரைப் பொட்டலம். அண்ணே, ஒங்களுக்குன்னான். நான் வாங்கித் தூர எறிஞ்சேன். கதவச் சாத்துங்கடான்னேன்.

ஏண்டா, எவகிட்ட போன, சொல்லுன்னேன். அவனுக்குப் புரியல. சிரிச்சான் சார். அந்தச் சிரிப்புத்தான் என்னைய என்னமோ பண்ணிருச்சு. கன்னத்துல வச்சேன். கடுக்கன் பிஞ்சு போயி காது வழியா ரத்தம். ஒரு பய கிட்ட போகல, ரத்தத்தத் தொட்டா ஒட்டிக்கிருமோன்னு பயம். தூர நின்னு கம்பால குத்துறாய்ங்க, மாட்டக் குத்துற மாதிரி. முதுகுல, விலாவுல. சத்தியமா இல்லண்ணே, இயேசு மேல சத்தியமா இல்லண்ணேங்கிறான். சுத்தி வளைச்சுட்டாய்ங்க. தகரத்து மேல போயி விழுகுறான், எந்திரிக்கிறான், மறுபடி விழுகுறான். கொஞ்ச நேரத்துல அவன் முதுகக் குடுத்துட்டு, முழங்கால ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு உக்காந்துட்டான். அப்பத்தான் அந்த வார்த்தையச் சொன்னான்.

"கால்ல மட்டும் வேணாண்ணே. வேற எங்க வேணும்னாலும் அடிங்கண்ணே."

அவன் அதச் சொல்லாம இருந்திருந்தான்னா நாலு சாத்து சாத்தி விட்டிருப்பேன் சார். நெசமாத்தான் சொல்றேன். அவனாத்தான் காட்டிக் குடுத்தான். கையப் பிரிச்சுப் பிடிங்கடான்னு சொல்லிட்டு ஜாக்கிக் குழாய எடுத்தேன். இரும்பு. ஒண்ணுதான் போட்டேன். வலது முட்டியில. சத்தம் பலகை ஒடையிற மாதிரி கேட்டுச்சு. அவன் கத்தல. வாயத் தொறந்துக்கிட்டு தலைவர் படத்தவே பாத்துக்கிட்டு இருந்தான்.

நான் மனுசன்தான சார். அப்படியே போட்டுட்டுப் போகல. என் வண்டியிலதான் தூக்கிப் போட்டுக் கொண்டாந்து இங்க சேத்தேன். மேடையில இருந்து விழுந்துட்டான்னு எழுத வச்சேன். அவுகம்மா ரூத்து, வயலு வேலைக்குப் போற பொம்பள, அதுகிட்டயும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். சரிய்யான்னுச்சு. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கேன். எவன் செய்வான் இந்தக் காலத்துல?

நேத்து பாக்கப் போனேன். அந்தப் பொம்பள வராண்டாவுல உக்காந்திருந்துச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுச்சு. ஆபரேசனுக்கு முன்னாடி எல்லா டெஸ்டும் எடுத்தாகளாம். ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும், ஆளு தயார் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாராம். சொல்லிட்டு மெதுவா ஒரு வார்த்தை சொல்லுச்சு.

"எம் பிள்ளைக்கு ரத்தம் சுத்தமா இருக்காம்யா. நானே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

அவ்வளவுதான். திட்டல, அழுகல. எனக்கு என்னமோ செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. இவ என்ன, நம்மளக் குத்திக் காட்டுறாளான்னு ஒரு கோவம். பெறகு யோசிச்சேன், சரி, அவன் இல்ல. தப்பு யாருக்குத்தான் நடக்கல? போலீஸ்காரன் தப்பா பிடிக்கலையா? ஆனா அவன் இல்லன்னா, இன்னும் ஒருத்தன் உள்ளுக்குள்ள இருக்கான்ல சார். நம்ம கூடவே டீ குடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அத நெனைச்சா ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல.

மறுபடியும் ஒவ்வொருத்தனா யோசிச்சேன். ஒருத்தனத் தப்பா தள்ளிவிட்டிருக்கேன். சொந்தக்காரன்னு தள்ளிட்டேன். எம் மச்சினன் அழகுராசா. எம் பொண்டாட்டி சுகந்திக்குக் கூடப் பொறந்த தம்பி. வடக்க முறுக்குக் கம்பெனியில வேலை பாத்துட்டு வந்தவன். எங்கிட்டோ மராட்டியத்துப் பக்கம், பத்துப் பயலுக ஒரே ரூம்ல கெடப்பாய்ங்க. கல்யாணம் ஆகல. முகாமுக்குன்னே லீவு போட்டு வந்து ரத்தம் குடுத்தவன் திரும்பிப் போகல. வந்ததுல இருந்து எளைச்சுப் போயி இருக்கான், இருமுறான். பொருந்துதா இல்லையா?

இன்னைக்குக் காலையில செட்டுக்குக் கூப்புட்டேன். மச்சான்னு சொல்லிக்கிட்டு வந்தான். சிமெண்ட் ரூம்ல தள்ளிப் பூட்டிட்டேன். பயலுக கம்போட வந்துட்டாய்ங்க. சூடத்துல அடிச்ச சத்தியம், மச்சினன்னு விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?

அதுக்குள்ள எவனோ போயி சுகந்திகிட்ட சொல்லிப்புட்டான். ஏழு மாசம் சார் அவளுக்கு. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கல்யாணமாகி ரெம்ப நாள் கழிச்சு நின்ன கரு, கோயில் கோயிலா சுத்தி நின்னது. அவ வயித்தப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நடந்தே வந்துட்டா. கதவுகிட்ட நின்னு எந்தம்பிய விடுங்கங்கிறா. வீட்டுக்குப் போடிங்கிறேன். போகல. பயலுக எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. அப்ப ஒண்ணு கேட்டா பாருங்க, அத்தன பேருக்கு முன்னாடி.

"நீங்களுந்தான ரத்தம் குடுத்தீங்க?"

கை நீண்டுருச்சு சார். அடிக்கணும்னு அடிக்கல. பலகை அடுக்குல போயிச் சாஞ்சா. நல்லவேளை, வயித்துல ஒண்ணும் படல. ஒதடுதான் கிழிஞ்சுச்சு. உள்ள இருந்து அவன் கதவப் போட்டு இடிக்கிறான், அக்காவ அடிக்காதீங்க மச்சான், என்னைய அடிங்கங்கிறான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. ஆனாலும் அவ மூஞ்சியப் பாத்து ஒரு முடிவுக்கு வந்தேன். சரி, நேரா ஆஸ்பத்திரிக்கே போறேன், ஜெயசீலனுக்கு ரத்தத்தையும் குடுத்துட்டு, போன் பண்ணுன பொண்ணுகிட்ட யாருன்னு பேரக் கேட்டுட்டு வர்றேன், நான் போன் பண்ற வரைக்கும் எவனும் கைய வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மதினிக்குச் சேர் போட்டு உக்கார வைங்கடான்னும் சொன்னேன். நம்ம கொடுமைக்காரன் இல்ல சார்.

இந்தா, போன் அடிக்கிது பாருங்க. அவய்ங்கதான். இருக்கட்டும், பேர் தெரிஞ்ச பெறகு பேசுவோம்.

நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையே. ஒங்க ஆளு எங்க, உள்ளயா? தம்பி மகனா, தங்கச்சி மகனா? அந்தப் பையில என்ன, பழமா?

மாத்திரையா. யாருக்கு?

என்ன சார் சொல்றீங்க?

ஒங்களுக்கா?

நெசமாவா. வெளையாடாதீங்க சார். ஒங்க மூஞ்சியப் பாத்தா... நாலு வருசமாவா? மாசா மாசம் வந்து வாங்கிட்டுப் போறீங்களா? பாத்தா தெரியவே இல்லையே. நல்லா திடமா இருக்கீங்க. வாத்தியாருன்னு சொன்னேன், வாத்தியாருதான? அப்ப அது மட்டும் சரி.

இல்ல சார், தள்ளியெல்லாம் உக்காரல. காலு மரத்துப் போச்சு, அதான் எந்திரிச்சேன். நின்னுக்கிர்றேன். ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும், டிவியில சொல்றாக. சும்மாதான் நிக்கிறேன்.

ஆங், யாரும்மா? என்னையா? கூடலிங்கம் நான்தான். வாசல்ல வந்து கூப்புடுறா பாருங்க, போன்ல பேசுன பொண்ணுதான், அதே குரலு.

எம் பேரு எப்படித் தெரியும் அவளுக்கு? செயலாளர்னுதான சொன்னேன். போன்ல கேட்டப்பவும் பேரச் சொல்லலையே.

சரி, பேப்பர்ல பாத்திருக்கும். வர்றேன் சார்.

*

இருக்கீங்களா சார். போயிருப்பீங்களோன்னு நெனைச்சேன்.

இங்கயே உக்காந்துக்கவா? இல்ல, அங்கிட்டு வேணாம், இங்கயே.

கையில பஞ்சு. மறுபடி எடுத்திருக்காக. திரும்பப் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்வாகளாம், கொஞ்ச நேரம் ஆகுமாம். ஆனா அந்தப் பொண்ணு பேசுற பேச்சுலயே தெரிஞ்சு போச்சு. அம்புட்டு மெதுவா பேசுது. எங்கம்மா கூட என்கிட்ட அப்படிப் பேசுனதில்ல. மின்விசிறியப் போட்டு விட்டுச்சு. தண்ணி குடுத்துச்சு. வேற எவனையும் கேக்கல சார். ஜெயசீலனக் கேக்கல, எம் மச்சினனக் கேக்கல. மொத நாள்ல இருந்து என்னையத்தான் கூப்புட்டிருக்கு.

நான் நம்பல. மாறிப் போயிருக்கும், எல்லாருக்கும் ஒரே நம்பர் குடுத்தேன்ல, அதுல கொழம்பியிருப்பீங்கன்னேன். நம்பர் ஒண்ணுதான் சார், ஆனா பேரும் கையெழுத்தும் ஒங்களுதுன்னுச்சு. பெறகு கேள்வி கேட்டுச்சு. வயசு என்ன. கல்யாணம் ஆயிருச்சா. என்ன படிச்சிருக்கீங்க. என்ன தொழிலு. வெளியூரு போயித் தங்குவீங்களா. எல்லாரையும் இதத்தான் கேப்பாகளாம்.

நான் உக்காந்து எங்க பயலுகள ஒவ்வொருத்தனாத் தள்ளுனேனே சார், அதே கேள்விதான். அதே வரிசைதான். நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அது பேசாம எழுதிக்கிச்சு. கல்யாணம் ஆனவன். பிளஸ் டூ. சொந்தத் தொழிலு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எங்கணக்குப்படி நான் எல்லாத்துலயும் தள்ள வேண்டிய ஆளும்மான்னு சொன்னேன். இப்படித்தான் சார் நெறையப் பேரு வர்றாகன்னுச்சு.

மலைக்கு மேல அந்த வீட்டப் பத்தியும் சொல்லிட்டேன். அது மூஞ்சியச் சுளிக்கல.

வீட்டம்மா எப்படி இருக்காகன்னு கேட்டுச்சு. மாசமா இருக்கான்னேன். அப்பத்தான் எழுதுறத நிப்பாட்டுச்சு. மாசமானப்ப எடுத்த டெஸ்ட்ல நல்லாத்தான் இருந்திருக்கும், இப்ப மறுபடி பாக்கணும், நாளைக்கே கூட்டிட்டு வாங்க சார், ஒருநாளும் தள்ளாதீங்க, அவுகளுக்கு இருந்தாக்கூட இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா பிள்ளையக் காப்பாத்திரலாம்னுச்சு. பத்துத் தடவ சொல்லிருச்சு, காப்பாத்திரலாம்னு. நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னு.

அவ எப்படி சார் வருவா எங்கூட? ஒதடு கிழிஞ்சு கெடக்கு.

அடிக்கிது பாருங்க மறுபடி. அவய்ங்கதான். எத்தன தடவ கூப்புட்டிருக்காய்ங்க. அங்க எல்லாப் பயலும் கையில கம்போட நிக்கிறான் சார். நான்தான் எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். நல்ல கம்பா பாத்து எடுத்துக் குடுத்தேன்.

ஒங்கள யாராச்சும் அடிச்சாகளா சார்? ஒங்களுக்கு இப்படின்னு தெரிஞ்சப்ப. ஒருத்தரும் அடிக்கலையா? எங்க ஊரா இருந்திருந்தா நான் அடிச்சிருப்பேன்.

எடுக்கத்தான் சார் வேணும். எடுக்கிறேன்.

ஆங், சொல்லுடா. தெரிஞ்சுருச்சு. ஆமா, பேர் தெரிஞ்சுருச்சு. டேய், நான் சொல்றதக் கேளு. மொதல்ல பூட்டத் தொற. அவன வெளிய விடு. அவன் இல்லடா. அவன் இல்லன்னு சொல்றேன்ல, தொறடா. தொறந்துட்டியா? கம்ப எல்லாம் கீழ போடச் சொல்லு. யாருன்னு வந்து சொல்றேன். வந்து சொல்றேன்டா, ஓடிப் போகல, நானே வர்றேன். மதினி எங்க இருக்கு? அங்கயேதான் உக்காந்திருக்கா? போன அவகிட்ட குடு. பேச மாட்டேன்னு சொன்னாலும் காதுல வையி.

காதுல வச்சிருக்கான் போல சார். ஒண்ணும் பேச மாட்டேங்கிறா. மூச்சு விடுறது மட்டும் கேக்குது.

எத சார் மொதல்ல சொல்லணும்? நீங்க ஒங்க வீட்டுல எப்படிச் சொன்னீங்க?